மாரிக்கனி வீட்டுப் பவளமணிச் செடி

தலகாணிய விட்டுத் தல எறங்குது பாரு. ஏறிப் படு பூரணி. கால என் மேல போடாத, பகல் பூரா நின்னு நின்னு இடுப்பு விட்டுப் போச்சு அத்தைக்கு. கத வேணும்னா ‘ம்’ கொட்டணும். ‘ம்’ நின்னா கதயும் நின்னுரும். நான் என்ன ரேடியோவா, தானா பாடிக்கிட்டு இருக்க? சரியா?

— ம்.

ஒரு ஊர்ல ஒரு மாரிக்கனி இருந்தாளாம். ஊருன்னா பஸ் வர்ற ஊரு இல்ல. நாலு பக்கமும் கடல், நடுவுல ஒரு தீவு. தீவு நடுவுல காடு. உச்சி வெயில்ல உள்ள போனாலும் சில்லுனு இருக்கும், அப்படியொரு காடு. காட்டோரமா நாப்பது வீடு. ஆம்பளைங்க கடலுக்குப் போவாங்க, மீன் கொண்டாருவாங்க, பொம்பளைங்க கருவாடு போடுவாங்க. ஆனா ஆனி ஆடி ரெண்டு மாசமும் காத்து ‘ஊஊ’ன்னு அடிக்கும் பாரு, அப்போ ஒரு படகும் கடல்ல எறங்காது. அந்த ரெண்டு மாசம் ஊரு எதத் தின்னும்?

காட்டுவள்ளிக் கிழங்கத்தான் தின்னும்! காட்டுல கொடி படந்து கெடக்கும். அந்தக் கொடியப் புடிச்சுக்கிட்டே போயி, அடியில கூரான கம்ப வச்சு ‘சதக் சதக்’னு குத்தித் தோண்டுனா, உன் தொடை தண்டிக்கு ஒரு கிழங்கு வரும். அத அவிச்சு, சூடு ஆறுறதுக்குள்ள தோல உரிச்சு, சுட்ட கருவாடு ஒரு துண்டு வச்சுத் தின்னா... என்ன, எச்சி முழுங்குற? ராத்திரி சோத்த மிச்சம் வச்சேல்ல, அனுபவி.

அப்புறம், இந்த மாரிக்கனி அந்தத் தீவுல பொறந்தவ இல்ல. அக்கரையிலேருந்து வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் பேரு ஐயாக்குட்டி. தங்கமான மனுஷன்தான், ஆனா வாயத் தொறந்து நாலு வார்த்த பேசிட்டான்னா அந்த வருஷத்துக்கு அது போதும்னு இருந்துருவான். கல்யாணம் முடிஞ்சு மாரிக்கனி படகு ஏறுற அன்னைக்கு, அவ அம்மா மூக்கம்மா இடுப்புல ஒரு மண்தொட்டியோட ஓடி வந்தா. தொட்டியில முழங்கையளவு ஒரு செடி. எல பச்சப்பசேல்னு இருக்கு. எல அடியில கொத்துக் கொத்தா செவப்பு மணி, அப்படியே பவளம் கோத்துத் தொங்க விட்ட மாதிரி. ‘இந்தாட்டி, வச்சுக்க’ன்னு மடியில வச்சா. திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போயிட்டா.

படகு ரெண்டு நாள் போச்சு. ரெண்டு நாளும் மாரிக்கனிக்கு ‘உவ்வே... உவ்வே’. குடல் வெளிய வந்துருமோன்னு ஆயிப்போச்சு. தீவுல எறங்குனதும் அவ சொன்ன மொத வார்த்த என்ன தெரியுமா? ‘செத்தாலும் இனி படகுல கால் வைக்க மாட்டேன்.’ சொன்னவ சொன்னதுதான். பத்து வருஷம் அம்மா மொகத்தையே பாக்கல.

அம்மாவாவது வரக்கூடாதாங்குற. வருவா, வருவா! அது வீம்புக்காரி. கட்டிக் குடுத்த மக வீட்டுல காரணம் இல்லாமப் போயி ஒரு வேள கை நனைக்கிறதே தப்புன்னு நெனைக்கிற ஆளு. பேரன் பேத்தி பொறந்திருந்தா அதச் சாக்கு வச்சு வந்திருப்பா. மாரிக்கனிக்குப் புள்ள இல்ல. அதனால அவளுக்கு அம்மான்னா அந்தச் செடிதான். வாசல்ல நட்டா. விடிஞ்சதும் மொதச் செம்பு தண்ணி அதுக்கு. ‘எம்மா, நேத்து இவரு நாலு மீன்தான் கொண்டாந்தாரு’, ‘எம்மா, எனக்குப் பல் வலிக்குது’ன்னு அதுகிட்டத்தான் சொல்லுவா. சிரிக்காத. நீ உன் கரடிப் பொம்மைகிட்ட என்னென்ன பேசுறன்னு எனக்குத் தெரியாதா?

— ம்.

செடி சும்மா சொல்லக்கூடாது, கிடுகிடுன்னு வளந்துச்சு. மூணு வருஷத்துல ஐயாக்குட்டி தோள் ஒசரம். வருஷம் பூரா செவப்பு மணி. பாத்தவங்கல்லாம் ‘ஆத்தாடி, என்ன அழகு, என்ன அழகு’ன்னு வாயப் பொளந்தாங்க. மாரிக்கனிக்கு ஒரே பெரும. ‘எங்கம்மா குடுத்தது’ன்னு கேக்காதவங்ககிட்டயும் சொல்லுவா.

அந்த ஊர்ல காட்டோரமா ஒரு அம்மன் கோயில். கரையம்மன்னு பேரு. செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழமை பூச. ஆனா தீவுல பூவுக்குப் பஞ்சம், உப்புக்காத்துல கருகிப் போயிரும். அப்போ மாரிக்கனிக்கு ஒரு யோசன வந்துச்சு. அம்மனுக்குப் பவளமணியிலயே மால கட்டிட்டா என்ன? நாரு கெடைக்கல. மீன்காரன் பொண்டாட்டிக்கு நூலுக்கா பஞ்சம்? ஐயாக்குட்டி வலை பின்னுற நூல எடுத்தா, கொத்துக் கொத்தா கட்டுனா, ரெண்டு சுத்து சுத்தி எறுக்கி, அவளா ஒரு முடிச்சுப் போட்டா. அம்மன் கழுத்துல போட்டதும் சாமி ஜம்முனு கல்யாணப் பொண்ணாட்டம் நின்னுச்சு. ஊரே கன்னத்துல போட்டுக்கிச்சு. அன்னையிலேருந்து வாரா வாரம் மாரிக்கனி மாலதான்.

சரி, சாமி மாலய அடுத்த வாரம் கழட்டணுமே, கழட்டி எங்க போடுறது? குப்பையில போடலாமா? கூடாது. கால் பட்டா பாவம். ஆத்துல விடலாம்னா தீவுல ஆறு இல்ல. கடல்ல போடலாம்னா, அல அதத் திருப்பிக் கொண்டாந்து கரையில போட்டுரும், வலை இழுக்குறவங்க கால் படும். அதனால அந்த ஊர்ல ஒரு வழக்கம். கழட்டுன மாலயத் தாம்பாளத்துல வச்சு, பொம்பளைங்க குலவ போட்டுக்கிட்டே காட்டுக்குள்ள கொண்டு போயி, மனுஷக் கால் படாத எடமாப் பாத்து, மரக்கெளயில தொங்க விட்டுட்டு வந்துருவாங்க. போன வாரம் போன எடத்துக்கு இந்த வாரம் போவாங்களா? ஊஹூம்! நேத்து நாம மிதிச்ச எடம் எப்படிக் கால் படாத எடமாகும்? அதனால இந்த வாரம் அதத் தாண்டி ஒரு எடம், அடுத்த வாரம் அதயும் தாண்டி ஒரு எடம். நீ மட்டும் ‘ஏன் அப்படி’ன்னு கேக்குற. அந்த ஊர்ல அத யாரும் கேக்கல.

இப்படியே வருஷம் ஏழு ஓடிப் போச்சு. வருஷா வருஷம் கிழங்கு கொஞ்சம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு, அதயும் யாரும் ஏன்னு கேக்கல. அப்புறம் ஒரு ஆனி மாசம். காத்து ‘ஊஊ’ன்னு ஆரம்பிச்சுருச்சு. படகெல்லாம் கரையேறிருச்சு. பொம்பளைங்க கம்பையும் கூடையையும் தூக்கிக்கிட்டு, கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே காட்டுக்குள்ள போனாங்க. போனா... கிழங்குக் கொடியக் காணோம்!

— ம்?

காணோம்னா காணோம். எங்க பாத்தாலும் பவளமணி. இடுப்பு ஒசரத்துக்கு, தோள் ஒசரத்துக்கு, நெருக்கமா. அதுக்கு அடியில வெயில் துளிகூட எறங்கல. அடியில மொளைக்கிறதும் பவளமணிக் குஞ்சுதான், கீரப்பாத்தி மாதிரி. வேற ஒரு புல்லு இல்ல, பூண்டு இல்ல. அன்னைக்கு நாப்பது கூடையில முப்பத்தெட்டு வெறுங்கூடையா வந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் தேங்காயையும் கருவாட்டையும் தின்னு தின்னு ஊருக்கே வயித்தால போச்சு. ராத்திரின்னு இல்ல, பகல்னு இல்ல, சொம்பத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஒரே ஓட்டம்!

ஏய், சத்தமாச் சிரிக்காத, உங்கப்பன் எந்திரிச்சு வந்து என்னத்தான் வைவான்.

அப்புறம் காத்து ஓஞ்சதும் கோயில் முன்னால கூட்டம் போட்டாங்க. ஊருக்குப் பெரியவ பிராட்டி ஆச்சி. ஒடம்பு ஒல்லிதான், ஆனா அவ தொண்டையச் செருமுனா நாயெல்லாம் எந்திரிச்சு நிக்கும். அவ சொன்னா, ‘இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா நாம ஊரக் காலி பண்ணணும். காட்டுல இருக்குற பவளமணிய ஒண்ணு விடாமப் புடுங்கணும். மொதல்ல தாய்ச்செடி. ஏ மாரிக்கனி, உன் வாசல்ல இருக்குறத நாளைக்கே புடுங்கிரு.’

மாரிக்கனி வெடுக்குனு எந்திரிச்சுட்டா. ‘ஆச்சி! அது எங்கம்மா குடுத்தது ஆச்சி!’

‘தெரியும். ஏழு வருஷமா நீ அதத்தான சொல்லிக்கிட்டு இருக்க.’

‘காட்டச் சுத்தம் பண்றது என் பொறுப்பு ஆச்சி. என் செடிய மட்டும் விட்டுருங்க. மூணு தடவ பாக்குறேன். மூணும் தோத்துச்சுன்னா என் கையாலயே புடுங்குறேன்.’ சொல்லும்போதே அவளுக்கு அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆச்சி பாத்தா. ‘சரி, பங்குனி வரைக்கும் தவண’ன்னுட்டா.

மொத தடவ என்ன செஞ்சா? ஐயாக்குட்டியக் கூட்டிக்கிட்டா, ஆளுக்கொரு அருவா. சரக்! சரக்! சரக்! ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, முப்பது நாள். கையெல்லாம் கொப்புளம். காடு பளிச்சுனு ஆயிருச்சு. மாரிக்கனி இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னு, ‘பாத்தீங்களா?’ன்னா. ஐயாக்குட்டி, ‘ம்’னான். உன்ன மாதிரியேதான்.

அப்புறம் ஒரே ஒரு மழை. சோ...ன்னு பெஞ்சுச்சு. பத்து நாள் கழிச்சுப் போய்ப் பாக்குறா, வெட்டுன ஒவ்வொரு கட்டையிலயும் நாலு நாலு கொழுந்து! ஒண்ணு இருந்த எடத்துல நாலு. வெட்டாம இருந்திருந்தாக்கூட ஒண்ணோட போயிருக்கும். ஐயாக்குட்டி அந்த வருஷத்துக்கு உரிய ஒரு வார்த்தய அப்பத்தான் சொன்னான். ‘வேர்.’

ஆமா, வேரோட புடுங்கணும். ஆனா முப்பது நாள் வெட்டுன கைக்கு அந்த நேரம் புத்தி சொன்னா ஏறுமா? மாரிக்கனி மொறைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டா.

ரெண்டாவது தடவ, ஆடு. ஊர்ல முப்பது ஆடு இருந்துச்சு. ‘ஆடு திங்காத எல உலகத்துல உண்டா?’ன்னு எல்லாத்தையும் ‘ஹேய் ஹேய்’னு காட்டுக்குள்ள ஓட்டி விட்டா. ஆடு போச்சு. பவளமணிய மோந்து பாத்துச்சு. ‘ஹச்!’ மூக்கச் சுளிச்சுக்கிட்டுத் திரும்பிருச்சு. அடுத்தது வந்துச்சு. ‘ஹச்!’ முப்பது ஆடும் வரிசையா நின்னு ‘ஹச் ஹச் ஹச்’. அப்புறம் அதுக என்ன செஞ்சுச்சுக தெரியுமா? அங்கொண்ணு இங்கொண்ணா பொழச்சுக் கெடந்த கிழங்குக் கொடியத் தேடித் தேடித் தின்னுச்சுக! அது போதாதுன்னு திரும்பி வர்ற வழியில பிராட்டி ஆச்சி காயப் போட்டிருந்த சேலயில பாதியத் தின்னுருச்சு ஒரு கெடா. ஆச்சி மீதிச் சேலயக் கையில தூக்கிக்கிட்டு வந்து மாரிக்கனி வாசல்ல நின்னா. அந்தச் சேலய அப்படியே விரிச்சுக் காட்டுனா. மாரிக்கனி தன் நல்ல சேலைய எடுத்துக் குடுத்துட்டா.

— ம்.

ஏன், ‘ம்’ல சுரத்தே இல்ல? தூக்கம் வருதா? இன்னும் மூணாவது இருக்கே.

மூணாவதா அவ நல்லா யோசிச்சா. காட்டுல இருக்குற அத்தனயும் எங்கேருந்து போச்சு? என் செடியிலேருந்து. கொண்டு போனது யாரு? கொண்டைக்குருவி! கீச்கீச்னு வந்து பழத்த முழுங்கிட்டு, காட்டுல போய்ப் பீச்சிட்டு வருது. திருட்டுக் கழுதைங்க! அதுகள நிறுத்திட்டா புதுசா ஒண்ணும் மொளைக்காது, பழசத்தான் புடுங்கணும், நம்ம செடி பொழச்சுக்கும். உடனே ஐயாக்குட்டியோட பெரிய வலைய எடுத்தா. செடிக்கு மேல, சுத்தி, அடியில எல்லாம் மூடுனா. கையில தகர டப்பாவோட வாசல்ல உக்காந்துட்டா. குருவி வந்தா டம் டம் டம்! விர்ர்ருனு பறந்துரும். காலையில டம் டம். மத்தியானம் டம் டம். பக்கத்து வீட்டுல ஒருத்தரும் கண்ணசர முடியல. மாசி மாசம் பூரா ஒரு குருவி ஒரு பழத்தத் தொடல. செவ்வாக்கெழம மட்டும் வலைய இவளே தூக்குவா. எதுக்கு? அம்மனுக்கு மால கட்டணும்ல!

பங்குனி பொறந்துச்சு. மாரிக்கனி தெம்பா காட்டுக்குள்ள போனா. புதுசா ஒண்ணும் மொளச்சிருக்காதுன்னு. நடந்தா, நடந்தா, ரொம்பத் தூரம் போனா. அங்க பெரிய செடியே ஒண்ணும் கெடயாது. கிழங்குக் கொடிகூட கொஞ்சம் இருக்கு. ‘அப்பாடா’ன்னு மூச்சு விட்டுக்கிட்டு ஒரு மரத்துல சாஞ்சா. குனிஞ்சு பாத்தா, கால் அடியில பவளமணிக் குஞ்சு. இப்பத்தான் மொளச்சது, ரெண்டு எல விட்டுருக்கு. ஒண்ணு ரெண்டில்ல, நூறு இருக்கும். இதென்னடா இது, குருவியத்தான் நிறுத்தியாச்சேன்னு அண்ணாந்து பாக்குறா.

தலைக்கு மேல மரக்கெளயில ஒரு நூலு தொங்குது. வலை நூலு.

கையால புடிச்சு இழுத்தா. முடிச்சு முடிச்சா இருக்கு. மணி ஒண்ணுகூட இல்ல, எல்லாம் கீழ உதுந்துருச்சு. அந்த முடிச்ச அவளுக்குத் தெரியாதா? அவ போட்ட முடிச்சு. ரெண்டு சுத்து சுத்தி எறுக்குறது, அந்த ஊர்ல வேற யாரும் அப்படிப் போட மாட்டாங்க. ஓடுனா, முன்ன மால போட்ட எடத்துக்கு. அங்கயும் நூலு, அடியில செடி. அதுக்கு முந்தின எடம். நூலு, செடி. அதுக்கும் முந்தின எடம். பொதரா மண்டிக் கெடக்கு, நடுவுல கையவிட்டுத் துழாவுனா, நூலு! வாரம் ஒரு எடம், வருஷத்துக்கு அம்பத்திரெண்டு எடம், ஏழு வருஷம். குருவியும் தின்னு போட்டுருக்கும்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு மூல விடாம காடு பூராவும் வெதச்சது யாரு? தாம்பாளத்துல வச்சு, குலவ போட்டு, கும்புட்டுக் கும்புட்டு வெதச்சது யாரு?

மாரிக்கனி டொப்புனு அங்கயே உக்காந்துட்டா.

யாரும் பாக்கல. நூல எல்லாம் அவுத்துக் கடல்ல போட்டுட்டு, குருவிதான் செஞ்சுச்சுன்னு சொல்லிட்டு இருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படி நெனச்சாளாம், அவளும் மனுஷிதான. அப்புறம் கண்ணத் தொடச்சா. கண்ணுல பட்ட நூல எல்லாம் அவுத்து மடியில கட்டுனா. நேரா பிராட்டி ஆச்சி வீட்டுக்குப் போயி, அவ முன்னால கொட்டுனா.

‘நான்தான் ஆச்சி. நான்தான் காட்டக் கெடுத்தேன்.’

ஆச்சி நூலப் பாத்தா. ஒண்ண எடுத்து நீவிப் பாத்தா. அப்புறம் சொன்னா, ‘தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தது யாருட்டி?’

‘நீங்கதான் ஆச்சி.’

‘இன்னும் உள்ள, இன்னும் உள்ள, இங்க நேத்து நாம மிதிச்சோம்னு சொன்னது யாரு?’

‘...நீங்கதான் ஆச்சி.’

‘அப்போ நீ மட்டும் எதுக்கு ஒத்தையில அழுற? தள்ளி உக்காரு, நானும் அழுறேன்.’ அப்படின்னு சொல்லிட்டு அந்தக் கெழவி சிரிக்க ஆரம்பிச்சுட்டா. பல்லு இல்லாத வாயி, ‘பொக்கொக்கொக்’னு சிரிக்கிறா. மாரிக்கனிக்கும் அழுகயோட சிரிப்பு வந்துருச்சு.

சிரிச்சு முடிச்சுட்டு ஆச்சி கேட்டா, ‘உன் செடிய என்ன செய்யப் போற? நான் புடுங்கச் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.’

‘வாக்குக் குடுத்தேன்ல ஆச்சி, புடுங்கத்தான் வேணும். எங்கம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்குறேன். கேக்காமப் புடுங்குனா மனசு ஆறாது.’

அப்போ அக்கரைக்குப் போற படகு சவரிமுத்துவோடது. அவன்கிட்டச் சொல்லி அனுப்புனா. ‘எங்கம்மாகிட்டச் சொல்லுங்கண்ணே, நீ குடுத்த செடியப் புடுங்கலாமான்னு மாரி கேக்குறான்னு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.’ படகு போச்சு. ஒரு நாள் ஆச்சு, ரெண்டு, மூணு, நாலு நாளாச்சு. மாரிக்கனிக்குச் சோறு எறங்கல. வாசல்ல செடிகிட்டயே உக்காந்திருந்தா. ‘எம்மா, கோவிச்சுக்காத’ன்னு அதுக்கிட்டயே சொல்லிக்கிட்டு இருந்தா.

அஞ்சாம் நாள் படகு தெரிஞ்சுச்சு. சவரிமுத்து எறங்குனான். அவன் பின்னால, சேலைய முழங்கால் வரைக்கும் ஏத்திச் சொருகிக்கிட்டு, தலையில ஒரு மூட்டையோட, தண்ணியில சளப் சளப்னு ஒரு பொம்பள எறங்கி வர்றா.

யாரு?

— அம்மா.

பாத்தியா, தூங்கல நீ! ஆமா, மூக்கம்மாதான். பத்து வருஷத்துல தல பூரா நரச்சுருச்சு, கொஞ்சம் குள்ளமாக்கூட ஆயிட்டா. மாரிக்கனி ‘எம்மா!’ன்னு ஓடுனா. மூக்கம்மா மூட்டைய மண்ணுல போட்டா. ‘அழுகைய அப்புறம் வச்சுக்க. செடியப் புடுங்கவான்னு சொல்லி அனுப்பியிருக்கியே, என்னமோ ஏதோன்னு அடிச்சுப் புடிச்சு ஓடியாந்தேன். எங்க அது?’

வாசலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. ஊரே பின்னால. மூக்கம்மா செடிய மேலயும் கீழயும் பாத்தா.

‘இதையா? இதையாட்டி பத்து வருஷமா தண்ணி ஊத்தி வச்சிருக்க?’

‘நீ குடுத்ததும்மா...’

மூக்கம்மா அப்படியே படியில உக்காந்துட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னா. ‘அது நம்ம வீட்டுப் பின்னாடி, பாத்திரம் கழுவுற தண்ணி போற எடத்துல தானா மொளச்சதுட்டி. நான் அத நாலு தடவ புடுங்கிப் போட்டுருக்கேன். உன் கல்யாணத்துக்குன்னு வாங்குன தோடு, ஜிமிக்கி எல்லாம் உங்கப்பா வைத்தியத்துக்குப் போயிருச்சு. உனக்குக் குடுத்து விட வீட்டுல ஒண்ணுமே இல்ல. வெறுங்கையோட படகு ஏத்துறதுக்கு எனக்கு மனசு வரல. சுத்திச் சுத்திப் பாத்தேன், செவப்பா இது நின்னுச்சு. ஒடஞ்ச தொட்டிக்குக் காவியடிச்சு அதுல வச்சுக் குடுத்தேன். குடுத்துட்டு உன் மொகத்தப் பாக்க முடியாமத்தான் திரும்பாம நடந்தேன்.’

மாரிக்கனி அம்மா மடியில மொகத்தப் பொதச்சுக்கிட்டு, ‘நான் அத நீன்னு நெனச்சுத்தான் தண்ணி ஊத்துனேம்மா’ன்னு கேவிக் கேவி அழுதா.

மூக்கம்மாவும் அழுதா. பிராட்டி ஆச்சி மூக்கச் சிந்துனா. அப்புறம் மூக்கம்மா சேலையில மொகத்தத் தொடச்சுக்கிட்டு, ‘நாந்தான் குத்துக்கல்லாட்டம் முன்னால உக்காந்திருக்கேன்ல? இனி அது எதுக்கு? புடி அந்தப் பக்கம்!’ன்னா.

அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சாங்க. இழு, இழு, இழு! வரல. ஐயாக்குட்டி வந்து புடிச்சான். இழு! வரல. பிராட்டி ஆச்சி வந்து ஐயாக்குட்டி வேட்டியப் புடிச்சா. இழு! மளார்னு வேரோட வந்துச்சு பாரு, நாலு பேரும் மல்லாக்க டொம்முனு விழுந்தாங்க. வேட்டி பத்தி நான் சொல்ல மாட்டேன், நீ கேக்காத.

— (சிரிப்பு)

சரி சரி, போதும். அப்புறம் மூக்கம்மா எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு, ‘காட்டுல எவ்வளவு இருக்கு?’ன்னா. காட்டுனாங்க. ‘அடி ஆத்தே’ன்னா. உடனே மருமகன்கிட்ட வெறப்பாச் சொல்லிட்டா, ‘பாருங்க மாப்ள, நான் ஒண்ணும் மக வீட்டுக்கு விருந்துக்கு வரல. என் செடி செஞ்ச வேலைக்கு வந்திருக்கேன். கடைசிச் செடியப் புடுங்குன மறுநாள் படகு ஏறிருவேன்.’ ஐயாக்குட்டி ‘ம்’னான்.

அப்புறம் என்ன, ஊரே எறங்கிருச்சு. பெரிசு வேரோட, சிறுசு கையோட. மணிய மட்டும் கீழ சிந்தாம மடியில உருவி, கொண்டாந்து அடுப்புல போட்டாங்க, ‘பட் பட் பட்’னு வெடிச்சுச்சு. அம்மன்கிட்ட ஆச்சி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, இனி உனக்குத் தென்னம்பாள மாலதான்னு சொல்லிட்டா. அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்கல. ஆனி வந்துச்சு, படகெல்லாம் கரையேறுச்சு, மூக்கம்மா போக முடியல. அடுத்த வருஷம் சவரிமுத்து வந்து ‘போலாமா பெரியம்மா?’ன்னான். ‘பாதிக்காடு கெடக்கே, கண்ணு தெரியல?’ன்னு எரிஞ்சு விழுந்தா. அதுக்கு அடுத்த வருஷம், ‘வடக்க இன்னும் இருக்கு, போ போ’ன்னா. மூணாவது வருஷம் கிழங்குக் கொடி தானா தல நீட்டுச்சு. மொத கிழங்கு அவிச்ச அன்னைக்கு நாப்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு துண்டு. சின்னத் துண்டுதான், ஆனா எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுத் தின்னாங்க.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம். அம்மாவும் மகளும் காட்டு வடக்கோரத்துல தேடிக்கிட்டு வர்றாங்க. ஒண்ணும் இல்ல. எல்லாம் சுத்தம். மூக்கம்மா முன்னால போறா. பின்னால வந்த மாரிக்கனி கண்ணுல பட்டுருச்சு, ஒரு பாறை இடுக்குல ஒரே ஒரு பவளமணி. விரல் ஒசரம்தான்.

அதான் கடைசி.

மாரிக்கனி குனிஞ்சு அதுமேல கைய வச்சா. வச்ச கை அப்படியே நின்னு போச்சு. இதப் புடுங்குனா அம்மா நாளைக்குப் படகு ஏறிருவா. விட்டா யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு செடி. அடுத்த வருஷம் வளந்து நிக்கும், ‘எம்மா, இன்னும் இருக்கு’ன்னு சொல்லலாம். அதுவும் நாலு மணி போடும், நாலு நாப்பதாகும், அம்மா இன்னும் மூணு வருஷம் இருப்பா. அவிச்ச கிழங்க ஊரு கண்ண மூடிக்கிட்டுத் தின்னுச்சே, அது ஞாபகம் வந்துச்சு. கண்ணுலேருந்து பொலபொலன்னு கொட்டுது.

நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?

...சரி, சொல்ல வேண்டாம்.

மாரிக்கனி புடுங்கிட்டா. ‘பொளுக்’னு வந்துருச்சு. கையில வச்சுக்கிட்டு நிமிந்தா, எதுத்தாப்புல அம்மா நிக்குறா. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னிருக்கா.

‘அவ்வளவுதாம்மா. தீந்துருச்சு’ன்னா மாரிக்கனி. ‘நாளைக்குச் சவரி அண்ணன் வரும்.’

மூக்கம்மா அந்தக் குட்டிச் செடிய வாங்கி வேரப் பாத்தா. ‘தீந்துருச்சாமே! நல்லாச் சொன்ன. மண்ணுக்குள்ள கெடக்குற வெத தீந்துருச்சான்னு உனக்குத் தெரியுமா? மழைக்கு மழை மொளைக்கும். அத யாரு பாக்குறது? நீயா? ஏழு வருஷமா கண்ணு முன்னால காடே முழுகிப் போச்சு, அதப் பாக்காதவ நீ. உன்ன நம்பிக் காட்ட விட்டுட்டு நான் போகவா?’ அப்படின்னு கண்ண உருட்டுனா. ‘ஏட்டி, போயி சவரிகிட்டச் சொல்லு, வர வேண்டாம்னு. எப்பவும் வர வேண்டாம்னு சொல்லு.’

சொல்லிட்டு விறுவிறுன்னு முன்னால நடந்தா. ரெண்டு எட்டு வச்சுட்டு நின்னா, திரும்பிப் பாத்து மக கையப் புடிச்சுக்கிட்டா.

அவ்வளவுதான். காட்டுல கிழங்கு வளந்தாச்சு, வீட்டுல அம்மா இருந்தாச்சு, சொல்றதுக்கு வாயில வார்த்த தீந்தாச்சு. பூரணி? ஏ பூரணி?

‘ம்’ கூட இல்ல. தூங்கு, தூங்கு, என் தங்கம்.